பாடசாலை வாசல் வரை: மாணவர் பயணப் பிரிவை வழிநடத்தும் பணி

செப்டெம்பர் மாதத்தின் முதலாவது பாடசாலை நாள், காலை ஏழரை மணி. சீருடை அணிந்த பிள்ளை வீட்டு வாசலில் நிற்கிறது. புத்தகப்பை ஆயத்தமாக இருக்கிறது. வரவேண்டிய சிற்றூர்தி மட்டும் வரவில்லை. தாயார் தொலைபேசியைக் கையில் எடுக்கிறார். அதே வேளையில் உள்ளூராட்சி மன்றத்தின் மாணவர் பயணப் பிரிவில் தொலைபேசிகள் இடைவிடாது ஒலித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு சாரதி சுகவீனமுற்றிருக்கிறார். ஒரு குடும்பம் புதிய முகவரியை அறிவிக்கத் தவறியிருக்கிறது. ஒரு பிள்ளையின் விண்ணப்பம் ஆகஸ்ட் மாத இறுதியிலேயே வந்து சேர்ந்திருக்கிறது. இவை அனைத்துக்கும் விடை கூறவேண்டியவர் அப்பிரிவின் தலைவர்.

கவுன்சில் என நம்மவர் அழைக்கும் உள்ளூராட்சி மன்றம் இப்பணியைத் தயவின் பேரில் செய்வதில்லை. சட்டம் அதன் மீது சுமத்திய கடமையாகவே செய்கிறது. எனவே பிரிவுத் தலைவரும் தாம் விரும்பியவருக்கு வழங்கி விரும்பாதவருக்கு மறுக்கக்கூடியவர் அல்லர். சட்டம் கேட்கச் சொல்லும் கேள்விகளையே அவர் ஒவ்வொரு விண்ணப்பத்தின் மீதும் கேட்கிறார். அக்கேள்விகள் எவை என்பதை அறிந்த பெற்றோர், தம் பிள்ளைக்கு உரியதைத் தெளிவாகக் கேட்கவும், மறுக்கப்பட்டால் முறைப்படி மேன்முறையீடு செய்யவும் இயலும். அக்கேள்விகளையும் அவற்றுக்கு விடை காணப்படும் முறையையும் விளக்குவது இப்பாடத்தின் நோக்கம். இங்கு கூறப்படும் சட்டம் இங்கிலாந்துக்கு உரியது. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் விதிகள் வேறானவை.

கடமை எங்கிருந்து வருகிறது?

கட்டாயக் கல்வி வயதிலுள்ள பிள்ளைக்கு முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் சட்டக் கடமை என 1996 ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின் 7 ஆம் பிரிவு கூறுகிறது. பாடசாலையில் பதிவுசெய்யப்பட்ட பிள்ளை ஒழுங்காகச் சமுகமளிக்காவிடின், 444 ஆம் பிரிவின் கீழ்ப் பெற்றோர் குற்றவாளியாக நேரிடலாம். பிள்ளையை அனுப்பியே ஆகவேண்டும் என்று அரசு கட்டளையிடுமானால், நடந்து சென்றடைய முடியாத பிள்ளைக்கு வழியமைத்துக் கொடுக்கும் பொறுப்பும் அரசின் பக்கத்தில் இருத்தல் வேண்டும். இந்தச் சமநிலையே மாணவர் பயணச் சட்டத்தின் அடித்தளம்.

எட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு 2 மைல், ஏனையோருக்கு 3 மைல் என்னும் நடைத்தூர அளவுகள் 1944 ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்திலேயே இடம்பெற்றன. எண்பது ஆண்டுகள் கடந்தும் அவை மாறவில்லை. இன்றைய விதிகள் 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 508ஆ பிரிவிலும் 35ஆ அட்டவணையிலும் உள்ளன. இவை 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சேர்க்கப்பட்டவை. தகுதியுள்ள பிள்ளைக்கு மன்றம் இலவசமாகப் பயண ஏற்பாடு செய்தே ஆகவேண்டும் என்பது இவற்றின் சாரம். அவ்வாறு செய்யவேண்டிய கடமை இருந்தும் மன்றம் அதனை நிறைவேற்றத் தவறியதாகப் பெற்றோர் நிரூபித்தால், பிள்ளை சமுகமளிக்காமைக்காக அவர்களைக் குற்றவாளியாகக் காணமுடியாது என்றும் 444 ஆம் பிரிவு ஏற்பாடு செய்துள்ளது. ஆகவே பயணத் தீர்மானம் ஒன்றில் தவறு நேர்ந்தால், அதன் விளைவு ஒரு நாள் தாமதத்தோடு முடிந்துவிடாது.

தகுதிக்கான நான்கு வாயில்கள்

பிரிவுத் தலைவரின் மேசைக்கு வரும் ஒவ்வொரு விண்ணப்பமும் முதலில் பின்வரும் நான்கு வாயில்களில் ஒன்றினூடாக நுழைய முடியுமா என்று பார்க்கப்படுகிறது. நான்கிலும் நுழைய வேண்டியதில்லை, ஒன்றே போதுமானது.

முதலாவது, தூரம். பொருத்தமான மிக அண்மித்த பாடசாலை, எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 2 மைலுக்கு (ஏறத்தாழ 3.2 கிலோமீற்றர்) அப்பாலும், எட்டு வயதும் அதற்கு மேற்பட்டதுமான பிள்ளைக்கு 3 மைலுக்கு (ஏறத்தாழ 4.8 கிலோமீற்றர்) அப்பாலும் இருத்தல் வேண்டும். நடந்து செல்லக்கூடிய மிகக் குறுகிய வழியே அளக்கப்படும். மோட்டார் வண்டி செல்லும் வழி அளவுகோல் அன்று. பூங்காவின் ஊடான நடைபாதையும் கணக்கில் வரலாம்.

இரண்டாவது, விசேட கல்வித் தேவை, வலுவிழப்பு அல்லது நடமாட்டச் சிரமம். இக்காரணங்களால் பாடசாலைக்கு நடந்து செல்வார் என நியாயமாக எதிர்பார்க்க முடியாத பிள்ளைக்குத் தூர வரம்பு பொருந்தாது. பாடசாலை அரை மைலில் இருந்தாலும் தகுதி ஏற்படலாம்.

மூன்றாவது, பாதுகாப்பற்ற வழி. தூரம் குறைவாயினும், வழியின் இயல்பு காரணமாக, பெரியவர் ஒருவர் உடன் சென்றாலும் பாதுகாப்பாக நடக்க முடியாதெனின் தகுதி உண்டு.

நான்காவது, குறைந்த வருமானம். சட்டம் வரையறுக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வரம்புகள் தளர்த்தப்பட்டுள்ளன. 8 முதல் 11 வயதுக்கு உட்பட்டோருக்கு 2 மைலே வரம்பாகும். 11 முதல் 16 வயது வரையிலானோருக்கு, மிக அண்மித்த மூன்று பொருத்தமான பாடசாலைகளுள் ஒன்று 2 முதல் 6 மைலுக்குள் இருப்பின் தகுதி உண்டு. மதம் அல்லது நம்பிக்கை காரணமாகத் தெரிவுசெய்யப்பட்ட மிக அண்மித்த பாடசாலையாயின், அது 2 முதல் 15 மைல் வரையில் இருக்கலாம்.

இங்கு "பொருத்தமான மிக அண்மித்த பாடசாலை" என்ற சொற்றொடரில்தான் பல தமிழ்க் குடும்பங்கள் தடுமாறுகின்றன. பிள்ளையின் வயதுக்கும் ஆற்றலுக்கும் தேவைக்கும் ஏற்ற கல்வியை வழங்குவதும், இடம் உள்ளதுமான மிகக் கிட்டிய பாடசாலையே அது. பெற்றோர் மிக விரும்பும் பாடசாலை என்பது இதன் பொருளன்று. நுழைவுத் தேர்வில் சித்தியடைந்த பிள்ளையைத் தொலைவிலுள்ள கிராமர் பாடசாலைக்கு அனுப்புவது பெற்றோரின் உரிமை. ஆயினும் கிட்டிய பொதுப் பாடசாலையில் இடம் கிடைத்திருக்கக்கூடுமாயின், அந்தத் தெரிவினால் இலவசப் பயணத் தகுதி பொதுவாக ஏற்படாது. சேர்க்கை விண்ணப்பத்தில் கிட்டிய பாடசாலையைக் குறிப்பிடாமலே விட்டுவிட்டு, பின்னர் தூரத்தைக் காரணம் காட்டுவதும் பயன்தராது. பயணச் செலவைப் பற்றிய சிந்தனை பாடசாலைத் தெரிவுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

கடமையின் எல்லையும் அறியத்தக்கது. பாடசாலை நாளின் தொடக்கத்திலும் முடிவிலும் செய்யும் பயணத்துக்கே அது பொருந்தும். பாடசாலைக்குப் பிந்திய விளையாட்டுக் கழகம், தனியார் வகுப்பு, சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை ஆகியன இதில் அடங்கா.

தகுதி வேறு, பயண முறை வேறு

லண்டன் வாழ் பெற்றோருக்கு இவ்விடத்தில் ஒரு ஐயம் எழும். இங்கே பிள்ளைகள் சிப் அட்டையைக் கொண்டு பேருந்தில் இலவசமாகவே பயணிக்கிறார்களே, பின்னர் மன்றத்தின் ஏற்பாடு எதற்கு? இதற்கு விடை காணப் பிரிவுத் தலைவர் இரு கேள்விகளைப் பிரித்து நோக்குகிறார். பிள்ளைக்குத் தகுதி உண்டா என்பது முதற் கேள்வி. உண்டெனில், எம்முறையில் அழைத்துச் செல்வது பொருத்தமானது என்பது இரண்டாவது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இலவசப் பேருந்தே பொருத்தமான ஏற்பாடாக அமைந்துவிடுகிறது. அதனால் லண்டனில் மன்றங்கள் நடத்தும் வாகனங்களில் பெரும்பாலும் விசேட தேவையுடைய பிள்ளைகளே பயணிக்கின்றனர். பேருந்தின் இரைச்சலையும் நெரிசலையும் தாங்கமுடியாத பிள்ளைக்கோ, சக்கர நாற்காலியுடன் இரு பேருந்துகள் மாறவேண்டிய பிள்ளைக்கோ, அந்த இலவச அட்டை பொருத்தமான ஏற்பாடு ஆகாது.

மாறாக, தகுதி கிடைத்தவுடன் தனி டாக்சி வந்துவிடும் என எதிர்பார்ப்பதும் தவறு. பலர் சேர்ந்து செல்லும் சிற்றூர்தி, பொது ஏறுமிடம், துணையாளருடன் கூடிய டாக்சி, தனியாகப் பயணிக்கக் கற்பிக்கும் பயிற்சி, பெற்றோருக்கு வழங்கப்படும் மைல் கொடுப்பனவு எனப் பல முறைகள் உள்ளன. எந்த முறையென்பதை மன்றம் தீர்மானிக்கலாம். ஆனால் அது அப்பிள்ளைக்குப் பொருந்த வேண்டும். மைல் கொடுப்பனவும், பயணச் செலவைப் பெற்றோரிடமே பணமாக வழங்கும் ஏற்பாடும் பெற்றோரின் சம்மதத்துடன் மட்டுமே செய்யத்தக்கவை. சொந்த வாகனத்தில் கூட்டிச் செல்லுமாறு மன்றம் வற்புறுத்த முடியாது.

மிகக் கடினமான கேள்வி: உடன் செல்ல யார் உளர்?

பயணப் பிரிவில் மிகுந்த மனவருத்தத்துக்கு இடமளிக்கும் கேள்வி இதுவே. 1986 ஆம் ஆண்டில் எசெக்ஸ் கவுண்டி மன்றம் தொடர்பான வழக்கொன்று பிரபுக்கள் சபை வரை சென்றது. பன்னிரண்டு வயதுச் சிறுமியின் பாடசாலைக்குச் செல்லும் மிகக் குறுகிய வழி 3 மைலுக்குச் சற்றே குறைந்தது, ஆனால் ஆளரவமற்றது, தனியே செல்வது ஆபத்தானது. தேவையான துணையுடன் சென்றால் பாதுகாப்பாக நடக்கக்கூடிய வழி சட்டத்தின்படி "கிடைக்கும் வழி"யே எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அன்று முதல், பிள்ளை தனியே செல்வதாகக் கருதாது, துணையுடன் செல்வதாகக் கருதியே வழி மதிப்பிடப்படுகிறது.

பிள்ளைக்குத் துணை தேவைப்படின் பெற்றோர் உடன் செல்வர் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. நியாயமான காரணம் இருப்பின் அது தளர்த்தப்படும். பெற்றோரின் வலுவிழப்பு அத்தகைய காரணமாகலாம். வேலை நேரமும், வேறு பாடசாலையில் இன்னொரு பிள்ளை படிப்பதும் தம்மளவில் மட்டும் போதிய காரணமாகப் பொதுவாக ஏற்கப்படுவதில்லை என அரசின் வழிகாட்டல் கூறுகிறது. இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் தாய்க்கு இது கடுமையாகத் தோன்றும். தோன்றுவதில் வியப்பில்லை. ஆயினும் விதி அதுவாக இருக்கும்போது விண்ணப்பத்தில் எதை முன்வைப்பது என்பதைச் சிந்தித்தல் அவசியம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஓட்டிசம் உள்ள ஒன்பது வயதுச் சிறுவன். விசேட பாடசாலை ஒன்றரை மைலில் உள்ளது. தாய் பராமரிப்பு இல்லமொன்றில் வேலை செய்கிறார். தந்தை அதிகாலையில் கடை திறக்கச் செல்கிறார். மகளை இன்னொரு பாடசாலைக்கு விடவேண்டும். விண்ணப்பப் படிவத்தில் அவர்கள், "நாங்கள் இருவரும் வேலை செய்கிறோம், கூட்டிச் செல்ல ஆளில்லை" என்று எழுதுகின்றனர். மகனைப் பற்றி, "நல்ல பிள்ளை, சொன்னால் கேட்பான்" என்ற ஒரே வரியோடு நிறுத்திவிடுகின்றனர். பிள்ளையின் குறையை எழுத்தில் வைக்க மனம் ஒப்பவில்லை. இவ்விண்ணப்பம் பெரும்பாலும் மறுக்கப்படும். எழுதப்பட்ட காரணம் விதிக்குள் அடங்கவில்லை. விதிக்குள் அடங்கும் காரணம் எழுதப்படவில்லை.

உண்மை என்னவெனில், ஆம்புலன்ஸின் ஒலி கேட்டால் அச்சிறுவன் கையை உதறிவிட்டு வீதியில் ஓடுவான். வழக்கமான வழி அடைபட்டிருந்தால் நிலத்தில் அமர்ந்துவிடுவான். வளர்ந்த பிள்ளையைத் தூக்க அம்மம்மாவால் முடியாது. கடந்த மாதம் இருமுறை பாதி வழியில் வீடு திரும்ப நேர்ந்தது. இவற்றை எழுதியிருந்தால் பிரிவுத் தலைவர் முன் வரும் கேள்வியே மாறியிருக்கும். "உடன் செல்ல யார் உளர்?" என்பதற்குப் பதிலாக, "யார் உடன் சென்றாலும் இப்பிள்ளையால் நடக்க முடியுமா?" என்பது முன்னே வந்திருக்கும். முடியாது என்பது விடையானால், தாயின் வேலைநேரம் பற்றிய வாதமே தேவையற்றுப் போகும்.

ஆகவே பெற்றோர் தம் வேலைநேரத்துக்கு முன்பாகப் பிள்ளையின் நடையை எழுதவேண்டும். நல்ல நாளில் என்ன நடக்கிறது என்பதோடு, கடினமான நாளில் என்ன நடக்கிறது என்பதையும் எழுதவேண்டும். நடந்த நிகழ்ச்சிகளைத் திகதியோடு குறித்து, பாடசாலையிடமிருந்தோ மருத்துவரிடமிருந்தோ கடிதம் பெற்று இணைப்பது நன்று. பிள்ளையின் சிரமத்தை உரைப்பது பிள்ளையைத் தாழ்த்துவதாகாது. அறிந்தவர் பெற்றோர், அறியவேண்டியவர் தீர்மானிப்பவர்.

கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பயணத் தகுதி தானாகக் கிடைப்பதில்லை. திட்டத்தில் பெயரிடப்பட்ட பாடசாலை பொதுவாக மிக அண்மித்த பொருத்தமான பாடசாலையாகக் கொள்ளப்படும். ஆனால், கிட்டிய வேறொரு பாடசாலையும் பொருத்தமென மன்றம் கருதி, பெற்றோர் விரும்பிய பாடசாலையை அவர்களே பயணத்தைக் கவனிக்கும் நிபந்தனையுடன் பெயரிட்டிருந்தால், நிலைமை வேறாகும். திட்டத்தில் அந்நிபந்தனை உள்ளதா என வாசித்தறிதல் வேண்டும். மொழி தடையாயின் உரைபெயர்ப்பாளரைக் கோரவேண்டும். பிள்ளையின் அண்ணனையோ அக்காவையோ கொண்டு இத்தகைய ஆவணத்தை விளங்கிக்கொள்ள முயல்வது பாதுகாப்பானதன்று.

பணமும் கடமையும்

2023-24 நிதியாண்டில் இங்கிலாந்தின் உள்ளூராட்சி மன்றங்கள் மாணவர் பயணத்துக்காக 200 கோடி பவுண்களுக்கும் அதிகமாகச் செலவிட்டன. விசேட தேவையுடைய பிள்ளைகளின் தொகையும், அவர்கள் செல்லவேண்டிய தூரமும் கூடுவதே இதற்குப் பெருங் காரணம். ஒரு பிள்ளைக்குத் தனி டாக்சி அமர்த்தும் செலவில், பலர் சேர்ந்து செல்லும் சிற்றூர்தியில் சில ஆசனங்களைப் பெறலாம். நிதிப் பிரிவு ஒருபுறமும் பெற்றோர் மறுபுறமும் இழுக்க, நடுவே நிற்பவர் பயணப் பிரிவின் தலைவர்.

இங்கே சட்டம் ஒரு தெளிவான கோடு வரைகிறது. 1998 ஆம் ஆண்டில் கிழக்கு சசெக்ஸ் தொடர்பான வழக்கில், நோயுற்ற மாணவி ஒருவருக்கு வழங்கிய வீட்டுக் கல்வி நேரத்தை நிதிக் குறைவைக் காட்டிக் குறைத்தது தவறு எனப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. எது பொருத்தமான கல்வி என்பதைத் தீர்மானிக்கும்போது மன்றத்தின் பணநிலை அளவுகோலாகாது. பயணத்துக்கும் இதே நியாயம் வழிகாட்டுகிறது. பொருத்தமான இரு முறைகள் இருப்பின் செலவு குறைந்ததை மன்றம் தெரிவுசெய்யலாம். பொருத்தமான முறை ஒன்றே எனில், செலவு மிகுதி என்று அதனை மறுக்க முடியாது.

தகுதி இல்லாத பிள்ளைகளுக்கும் உதவ 508இ பிரிவு மன்றத்துக்கு விருப்புரிமை அதிகாரம் அளிக்கிறது. எடுத்துக்காட்டாக, தற்காலிக வீட்டுக்கு மாற்றப்பட்ட குடும்பத்தின் பிள்ளை பரீட்சை ஆண்டில் இருப்பின், அதனைக் காரணமாகக் காட்டிக் கோரலாம். இது கடமையன்று, வழங்காமலும் விடலாம். எனினும், "இத்தகையோருக்கு ஒருபோதும் வழங்குவதில்லை" என முன்கூட்டியே கதவை அடைத்துவிடுவது முறையன்று. ஒவ்வொரு வேண்டுகோளையும் அதனதன் நிலையில் பரிசீலித்தல் வேண்டும். 16 வயதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்குத் தனி விதிகள் உள்ளன. அவர்களிடம் பங்களிப்புத் தொகை கேட்கப்படலாம். ஆண்டுதோறும் புதிதாக விண்ணப்பிக்க நேரிடலாம்.

ஓர் ஆண்டின் ஓட்டம்

செப்டெம்பரில் ஓடும் வாகனத்துக்கான வேலை பெப்ரவரியிலேயே ஆரம்பமாகிறது. இடைநிலைப் பாடசாலைக்கு மாறும் பிள்ளைகளின் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டங்களில் புதிய பாடசாலை பெப்ரவரி 15 க்குள் பெயரிடப்பட வேண்டும். மார்ச் 1 இல் இடைநிலைப் பாடசாலை இடங்களும், ஏப்ரல் 16 இல் ஆரம்பப் பாடசாலை இடங்களும் அறிவிக்கப்படுகின்றன. 16 வயதுக்கு மேற்பட்டோருக்கான பயணக் கொள்கை அறிக்கை மே 31 க்குள் வெளியிடப்பட வேண்டும். கோடைகாலத்தில் வழித்தடங்கள் வகுக்கப்பட்டு, சாரதிகளும் துணையாளர்களும் நியமிக்கப்படுகின்றனர்.

வழித்தடம் வகுப்பது வெறும் வரைபட வேலையன்று. ஆரம்பப் பாடசாலைப் பிள்ளை ஒரு வழிக்கு 45 நிமிடத்துக்கும், இடைநிலைப் பாடசாலை மாணவர் 75 நிமிடத்துக்கும் மேல் பயணிக்காதிருத்தல் நன்று என்பது வழிகாட்டலின் பொது அளவு. ஒரு சிற்றூர்தியில் எட்டுப் பிள்ளைகள் செல்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு வாசலிலும் மூன்று நிமிடம் காத்திருந்தால் மொத்தம் 24 நிமிடம். முதலில் ஏறிய பிள்ளையின் 45 நிமிடத்தில் ஏறக்குறையப் பாதி காத்திருப்பிலேயே கழிந்துவிடும். குறித்த நேரத்தில் பிள்ளையை ஆயத்தமாக வைத்திருத்தல் சாரதிக்குச் செய்யும் மரியாதை மட்டுமன்று. முன்னரே ஏறி அமர்ந்திருக்கும் வேறொரு பிள்ளைக்குச் செய்யும் உதவி.

இடம் உறுதியானதும் தாமதியாது விண்ணப்பிப்பவருக்கே செப்டெம்பரின் முதல் நாளில் வாகனம் வருவதற்கான வாய்ப்பு அதிகம். ஆகஸ்டில் வரும் விண்ணப்பத்துக்காக, வகுத்து முடித்த வழித்தடத்தை மீண்டும் கலைக்க நேர்கிறது. முகவரி மாற்றத்துக்கும் இது பொருந்தும்.

வாகனத்தின் உள்ளே

பிள்ளை கதவைத் தாண்டி வாகனத்தில் ஏறியதும் அதன் பாதுகாப்பு மன்றத்தின் பொறுப்பிலும் ஒப்பந்தகாரரின் பொறுப்பிலும் வருகிறது. சாரதியும் துணையாளரும் குற்றப் பின்னணி பற்றிய விரிவான டி.பி.எஸ். சோதனைக்கு உட்படுத்தப்பட வேண்டும். சக்கர நாற்காலியை வாகனத் தரையோடு பிணைக்கும் பட்டிகளும், அதில் அமர்ந்திருப்பவருக்குரிய ஆசனப்பட்டியும் வெவ்வேறானவை, இரண்டும் அவசியம். ஆட்களை ஏற்றும் மின்தூக்கி 6 மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவரால் முழுமையாகப் பரிசோதிக்கப்படுதல் சட்டத் தேவை.

இவற்றைக் கவனிப்பது பிரிவுத் தலைவரின் வேலை. பெற்றோர் மட்டுமே தரக்கூடிய தகவலும் ஒன்றுண்டு. வலிப்பு வருமுன் பிள்ளையின் முகம் எவ்வாறு மாறும், எந்த ஒலி அச்சமூட்டும், எந்தச் சொல் அமைதிப்படுத்தும் என்பன எந்தக் கோப்பிலும் தாமாக ஏறுவதில்லை. துணையாளர் தமிழறியாதவராயின், பிள்ளை தண்ணீர் கேட்கவும் வலியைச் சொல்லவும் வீட்டில் வழங்கும் சொற்களை ஒரு தாளில் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தல் பேருதவியாகும்.

மறுப்புக் கடிதம் வந்தால்

மறுப்புக் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவது நம்மவரிடையே காணப்படும் வழக்கம். "கவுன்சில் இல்லையென்று சொல்லிவிட்டது" என்பதோடு விடயம் முடிந்துவிடுகிறது. ஆனால் அக்கடிதம் முதற் கட்டத்தின் முடிவு மட்டுமே. அரசின் வழிகாட்டல் இரு கட்ட மேன்முறையீட்டை விதந்துரைக்கிறது.

முதலாம் கட்டத்தில், தீர்மானம் கிடைத்து 20 வேலை நாட்களுக்குள் பெற்றோர் எழுத்தில் மீளாய்வு கோரலாம். மூத்த உத்தியோகத்தர் ஒருவர் அதனைப் பரிசீலித்து 20 வேலை நாட்களுக்குள் காரணங்களுடன் பதிலளிப்பார். அதிலும் திருப்தியில்லையெனில், மேலும் 20 வேலை நாட்களுக்குள் இரண்டாம் கட்டத்துக்குச் செல்லலாம். முன்னைய தீர்மானத்தில் பங்குகொள்ளாத உறுப்பினர்களைக் கொண்ட சுயாதீனக் குழு, 40 வேலை நாட்களுக்குள் எழுத்து மூலமான விளக்கங்களையும் வாய்மொழி விளக்கங்களையும் கவனத்திற்கொள்ளும். அதன் பின்பும் நடைமுறையில் தவறு நிகழ்ந்ததாகக் கருதினால், உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்புக் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

மேன்முறையீட்டில் முதற் கடிதத்தையே திரும்ப எழுதுவதால் பயனில்லை. மறுப்புக் கடிதம் எந்த வாயிலில் தடுத்தது என்று முதலில் காணவேண்டும். தூரம் குறைவு என்றால், வழி எவ்வாறு அளக்கப்பட்டது எனக் கேட்கவேண்டும். பெற்றோர் உடன் செல்லலாம் என்றால், உடன் சென்றபோது நேர்ந்தவற்றைத் திகதியோடு காட்டவேண்டும். சான்று இல்லை என்றால், சான்றைத் தேடிச் சேர்க்கவேண்டும். மேன்முறையீடு செய்வது மன்றத்தோடு பகைப்பதாகாது. பிள்ளையின் ஏனைய சேவைகள் அதனால் பாதிக்கப்படவும் கூடாது. தவறான தீர்மானம் திருத்தப்படுவதை நல்ல பிரிவுத் தலைவர் ஒருவர் தம் பணியின் பகுதியாகவே கொள்வார்.

சிந்தித்து விடை காண்க

1. ஏழு வயதுச் சிறுமியின் மிக அண்மித்த பொருத்தமான பாடசாலை 2.3 மைலில் உள்ளது. அவளுக்குத் தூர அடிப்படையில் தகுதி உண்டா? எட்டாவது பிறந்தநாளுக்குப் பின் என்ன நிகழும்?

விடை: இப்போது தகுதி உண்டு. எட்டு வயதானதும் வரம்பு 3 மைலாக உயர்வதால் தூர அடிப்படையிலான சட்டத் தகுதி நீங்கும். குடும்பம் குறைந்த வருமான வரையறைக்குள் வந்தால் 11 வயது வரை 2 மைல் வரம்பே பொருந்தும், தகுதி நீடிக்கும்.

2. பன்னிரண்டு வயது மாணவர் 8 மைலிலுள்ள கிராமர் பாடசாலையில் சேர்கிறார். ஒரு மைலில் உள்ள பொதுப் பாடசாலையில் அவருக்கு இடம் கிடைத்திருக்கும். தகுதி உண்டா?

விடை: பொதுவாக இல்லை. 8 மைல் தூரம் மட்டும் போதாது; அது மிக அண்மித்த பொருத்தமான பாடசாலையாகவும் இருத்தல் வேண்டும்.

3. நடக்கவியலாத பிள்ளைக்கு மன்றம் தகுதியை ஏற்றுக்கொண்டது. ஆனால் சிற்றூர்தி தர மறுத்து, தந்தை தமது மோட்டார் வண்டியில் கூட்டிச் சென்று மைல் கொடுப்பனவு பெறவேண்டும் என்கிறது. தந்தைக்கு விருப்பமில்லை. இது முறையா?

விடை: முறையன்று. மைல் கொடுப்பனவு பெற்றோரின் சம்மதத்துடன் மட்டுமே வழங்கத்தக்கது. சம்மதம் இல்லையெனில் மன்றம் வேறு பொருத்தமான ஏற்பாட்டைச் செய்தல் வேண்டும்.

இக்கேள்விகளுக்கு விடை கூறமுடிந்த பெற்றோர், பிரிவுத் தலைவர் தம் மேசையில் செய்யும் வேலையை ஓரளவு தாமும் செய்து பார்த்தவராவர். மன்றத்தின் பயணக் கொள்கை அதன் இணையத்தளத்தில் வெளியிடப்பட்டிருக்கும். விண்ணப்பத்துக்கு முன் அதனை வாசித்தோ வாசிக்கச் செய்தோ அறிதல் நன்று. வாசலில் காத்து நிற்கும் பிள்ளைக்கு அன்றைய பாடம் தவறாதிருத்தல், மன்றம் தன் கடமையை அறிந்திருப்பதிலும் பெற்றோர் தம் பிள்ளையின் உரிமையை அறிந்திருப்பதிலும் தங்கியுள்ளது.